புருஷமார் பெஞ்சு

பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வைங்க சார், ஓடுற பஸ்ல படிச்சா கண்ணு கெட்டுப் போகும். 'நகர்மன்றக் கூட்டத்தில் காரசார விவாதம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். என்ன காரம், என்ன சாரம்? உள்ள இருக்கிற இருபத்தேழு பேரும் போண்டா எப்ப வரும்னு கதவைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க. இதை எழுதின நிருபரும் அந்தப் போண்டாவுக்குத்தான் போயிருப்பான். எனக்குத் தெரியாதா? நானே கவுன்சிலர்தானே.

அதாவது, கவுன்சிலர் வீட்டுக்காரர். ரெண்டும் ஒண்ணுதான். எங்க ஊர்ல இறங்கி 'பெயிண்ட் கடை வேலாயுதப்பெருமாள்'னு கேளுங்க, சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். நீங்க எங்க இறங்கணும்? கலெக்டர் ஆபீஸா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு. சொல்றேன், கேளுங்க. நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

எங்களுது பத்தொம்பதாவது வார்டு. இருபது வருஷமா அந்த வார்டுல ஒரு கல்யாணம், ஒரு சாவு நான் இல்லாம நடந்ததில்ல. இந்தத் தடவை எலக்‌ஷன்ல நிக்கிறதுன்னு எல்லாம் பேசி முடிச்சாச்சு. கட்சியிலயும் சரின்னுட்டாங்க. கடைசி நேரத்துல அந்த வார்டைப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டான். எவனோ மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு செஞ்ச வேலை. நான் என்ன செய்ய? என் வீட்டுக்காரி சண்முகவடிவை நிறுத்தினேன். பத்தாவது படிச்சிருக்கா. வாய் பேச மாட்டா. நமக்கு அதுதானே வேணும்? போஸ்டர்ல என் படம் ஆளுயரத்துக்கு, கையைக் கூப்பின மாதிரி. அவ படம் மூலையில ஸ்டாம்பு அளவுக்கு. ஜெயிச்சாச்சு. யாரு ஜெயிச்சது? நீங்களே சொல்லுங்க.

முதக் கூட்டத்துக்கு முன்னாடி அவளை உக்கார வச்சுப் பாடம் எடுத்தேன். "வடிவு, உள்ள போய் எதுவும் பேசாத. எல்லாரும் மேஜையைத் தட்டினா நீயும் தட்டு. கை தூக்கணும்னா மட்டும் என்னைப் பாரு."

"நீங்கதான் வெளிய இருப்பீங்களே?"

"ஜன்னல் இருக்குல்ல?"

கூட்டம் நடக்கிற ஹாலுக்கு வெளியில ஒரு வராண்டா, அதுல நீளமா ஒரு சிமெண்ட் பெஞ்சு. தலைக்கு நேரா ஜன்னல். கவுன்சிலருங்கள்ல பதினாலு பேரு பொம்பளைங்க. அதுல ரெண்டு பேருக்குப் புருஷன் இல்ல. ஒருத்தி வக்கீல், புருஷனைக் கூட்டிட்டே வர மாட்டா, அவ்வளவு திமிரு. மிச்சம் பதினோரு பேரு வீட்டுக்காரங்களும் அந்தப் பெஞ்சுலதான். ஆபீஸ் ஸ்டாஃப் எல்லாம் அதுக்குப் புருஷமார் பெஞ்சுன்னு பேரு வச்சிருக்கான். சொல்லிட்டுப் போறான். ஆனா ஒண்ணு சார், அந்தப் பதினோரு பேர்ல பத்துப் பேரு வெட்டி ஆளுங்க. பொண்டாட்டி பதவியை வச்சு ஊர்ல பவிசு காட்டுற பயலுக. அரிசி மில்லு ஆசீர்வாதம்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி ஜெபமணி ஏழாவது வார்டு. லெட்டர்பேடுல அவன் பேரைப் போட்டுக்கிட்டான் சார்! நானாவது கவுன்சிலர்ங்கிறதுக்குக் கீழ 'வீட்டுக்காரர்'னு சின்னதாப் போட்டிருக்கேன்.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. நான் தலையை ஆட்டினா கை தூக்குவா, ஆட்டலைன்னா சும்மா இருப்பா. போன வருஷம் ஐப்பசியில மழை பெஞ்சுது பாருங்க, அதுலதான் சனியன் பிடிச்சது.

எங்க வார்டுல மேட்டுப் பக்கம் நாங்க இருக்கோம். பள்ளத்துல ஓடைத்தெரு. பேரைப் பாத்தா தெரியும்ல, ஓடைக்குப் பக்கத்துல போய் வீடு கட்டினா தண்ணி வரத்தான் செய்யும். சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள முழங்கால் அளவு நிக்குதுன்னு காலையிலயே பத்துப் பொம்பளைங்க வாசல்ல வந்து நிக்காங்க. "நான் கமிஷனர்கிட்ட போன்ல பேசுறேன், போங்கம்மா"ன்னேன். வடிவு சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு அவங்க பின்னாடியே போயிட்டா. சாயங்காலம் வரா, இடுப்பு வரைக்கும் சேறு. எனக்கு வந்த ஆத்திரம்! ஒரு கவுன்சிலர் சேத்துல இறங்கினா அதை நாலு போட்டோ எடுக்க வேண்டாமா? எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா நிருபரைக் கூட்டிட்டு வந்திருப்பேன். "போட்டோ எடுத்தாங்களா?"ன்னு கேட்டேன். என்னைப் பாத்துட்டுக் குளிக்கப் போயிட்டா. விவரம் பத்தாது சார் அவளுக்கு.

அதுக்கப்புறம் ஓடைத்தெருவுல மஞ்சக்காமாலை. குடிதண்ணிக் குழாய் சாக்கடைக்குள்ள போகுதாம், எங்கயோ விரிசல் விட்டிருக்காம், அதுல கலந்திருச்சாம். பதினஞ்சு பேருக்கு வந்துச்சு. மாரிக்கனின்னு ஒரு பொண்ணு, மார்க்கெட்டுல மூட்டை தூக்குற கொம்பையாவோட சம்சாரம், இருபத்தாறு வயசு, செத்துப் போச்சு. ஒரு பொட்டப்பிள்ளை, மூணு வயசு. பாவம்தான். நான் மாலை வாங்கிட்டுப் போனேன், பெரிய மாலை. ஆனா மாலையோட நின்னதுதான் மிச்சம். அங்க எல்லாரும் வடிவைப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. கடைசி நாலு நாளும் ஆஸ்பத்திரியில அவதான் பக்கத்துல இருந்தாளாம். என்கிட்ட என்ன சொன்னா? "பக்கத்துல ஒரு வீட்டுல உடம்பு சரியில்ல, பாத்துட்டு வரேன்"னா. பக்கத்துலன்னா நான் மேட்டுத் தெருவுலன்னு நெனச்சேன்.

இப்பதான் விஷயத்துக்கு வரேன். தை மாசம் அரசாங்கத்துலேர்ந்து எங்க நகராட்சிக்கு ஒரு தொகை வந்துச்சு. நாலு கோடி. நகர மேம்பாட்டுக்குன்னு. தலைவர் கிருபாகரன் ஒரு திட்டம் போட்டார். கடைவீதி அழகுபடுத்துறது. ரெண்டு பக்கமும் கிரானைட் நடைபாதை, பூ வேலை செஞ்ச விளக்குக் கம்பம், பஸ் ஸ்டாண்டு முனையில வளைவு, நடுவுல கலர் லைட்டு போட்ட நீரூற்று. என்ன அழகான திட்டம்! அந்த நீரூற்று வர்ற இடத்துக்கு நேர் எதிர்ல தலைவரோட லாட்ஜு. அதுக்கு நாலு கடை தள்ளி என் கடை. அது தற்செயலா அமைஞ்சது. நான் நல்லதுக்குத்தான் ஆதரிச்சேன். வெளியூர்லேர்ந்து வர்றவன் முதல்ல பாக்கிறது கடைவீதியா, ஓடைத்தெருவா?

தலைவரே கடைக்கு வந்தார். டீ சொன்னேன். "அண்ணாச்சி, கம்பத்துக்கு, வளைவுக்கு எல்லாம் பெயிண்ட் உங்க கடையிலதான். நம்ம பக்கம் பதினாலு பேரு கணக்குல இருக்காங்க, ஒருத்தர் விலகினாலும் இழுபறி. வீட்டம்மா நம்ம பக்கம்தானே?"

"தலைவரே, வீட்டம்மா என்ன, நான் இருக்கேன்ல?"ன்னேன்.

லஞ்சம்னு நெனச்சிராதீங்க. எங்கேயாவது பெயிண்ட் வாங்கத்தானே போறாங்க? என் கடையில வாங்கினா என்ன?

எதிர்த்து நின்னது அந்த வக்கீல் பொம்பளைதான். பணத்தைப் பள்ளத்துல கிடக்கிற ஒம்போது வார்டுக்குப் பிரிக்கணுமாம். சாக்கடையை மூடி, குடிதண்ணிக் குழாயை வேற வழியா கொண்டு போகணுமாம். இதெல்லாம் ஒரு திட்டமா சார்? மண்ணுக்குள்ள பொதைக்கிற குழாயை எவன் பாப்பான்? திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தா எதைக் காட்டுவீங்க? குழிக்குள்ள எட்டிப் பாக்கச் சொல்லுவீங்களா?

கூட்டத்தன்னைக்குக் காலையில இட்லி வச்சுக்கிட்டே வடிவு கேட்டா: "அந்த நீரூற்றுக்குத் தண்ணி எங்கேருந்துங்க வரும்?"

"தண்ணி வரும். அது இன்ஜினியர் கவலை. நீ கை தூக்கு, போதும்."

"எனக்கு அது தெரியணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போற? நீ என்ன இன்ஜினியரா?"

இன்னொரு இட்லி வச்சா. நானும் சரி, அடங்கிட்டான்னு சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்குக் கூட்டம். வராண்டாவுல பதினோரு பேரும் ஆஜர். உள்ள தீர்மானத்தை வாசிச்சாங்க. வக்கீல் எந்திரிச்சு அரை மணி நேரம் சட்டம் பேசினா. ஆசீர்வாதம் குறட்டையே விட்டுட்டான். தலைவர், "சரி, ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்"னு சொல்ல வந்தார். நான் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போய் வடிவைப் பாத்துத் தலையை ஆட்டினேன். அவ பாக்கல. கம்பியில மோதிரத்தால தட்டினேன். பாத்தா. கையைத் தூக்குன்னு சைகை காட்டினேன்.

எந்திரிச்சா சார். நான் நெனச்சேன், பதட்டத்துல எந்திரிச்சுட்டா, உக்காந்துக்கிட்டே தூக்கினா போதும்னு தெரியலன்னு. நேரா ஜன்னலுக்கு வந்தா. ஏதோ சந்தேகம் கேக்க வர்றான்னு நானும் முகத்தைக் கம்பிக்கிட்ட கொண்டு போனேன்.

ஜன்னலைச் சாத்திட்டா.

டபார்னு இல்ல. அப்படிச் சாத்தியிருந்தா கோவம்னு சொல்லிரலாம். மெதுவா, வீட்டுல மழைச்சாரல் அடிச்சா சாத்துவாளே, அந்த மாதிரி. ஒரு கதவு, அப்புறம் இன்னொரு கதவு. உள்ளேருந்து கொண்டியைப் போடுற சத்தம் கேட்டுச்சு. என் பின்னால பத்து ஆம்பளைங்க. ஆசீர்வாதம் முழிச்சுக்கிட்டான். அந்த நேரம் பாத்து முழிச்சான் பாருங்க! "என்ன அண்ணாச்சி, காத்து அடிக்குதா?"ன்னு கேக்கிறான்.

அதுக்கப்புறம் உள்ள நடந்ததை எனக்குச் சொன்னது போண்டா கொண்டு போன பியூன். அவன் கூட்டிக் குறைச்சுச் சொல்லியிருப்பான், எனக்கு என்ன தெரியும்?

வடிவு நின்ன இடத்துலேருந்தே கேட்டாளாம்: "தலைவர் அவர்களே, எனக்கு ஒரு சந்தேகம். இந்த நீரூற்றுக்குத் தண்ணி எங்கேருந்து வரும்?"

தலைவர் சிரிச்சாராம். "அம்மா முத தடவையா பேசுறாங்க, எல்லாரும் கவனிங்க"ன்னு சொல்லிட்டு இன்ஜினியரைக் காட்டியிருக்கார். இன்ஜினியர் ஃபைலைப் புரட்டியிருக்கான். புரட்டிக்கிட்டே இருந்திருக்கான். கடைசியில, "பெரிய டேங்க்லேருந்துதாங்கம்மா"ன்னானாம்.

"எங்க வார்டுக்கு வர்ற டேங்கா?"

"ஆமாங்கம்மா."

"எங்களுக்கு அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வருது. நீரூற்று எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஓடும்?"

அந்தப் பயலுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியல பாருங்க. "தினமும் சாயங்காலம்"னு சொல்லியிருக்கான். சம்பளம் வாங்குறான்ல, ஒரு சமாளிப்பு தெரிய வேண்டாமா?

வடிவு சொன்னாளாம்: "எங்க தெருவுல ஒரு பொண்ணு சாகும்போது தண்ணி கேட்டா. நான் குடுத்தேன். ஆஸ்பத்திரித் தண்ணி, நல்ல தண்ணி. அதைக் குடிச்சுட்டு, 'அக்கா, எங்க வீட்டுக் குழாயில இந்த மாதிரி வந்துச்சுன்னா போதும்'னா. என்கிட்ட அவ கேட்டது அது ஒண்ணுதான். நான் இதுவரைக்கும் இந்த ஹால்ல எதுக்குக் கை தூக்கினேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சு தூக்கணும்னு நெனைக்கிறேன்."

இதுல பேச்சுன்னு என்ன இருக்கு? ஒரு புள்ளிவிவரம் உண்டா, ஒரு மேற்கோள் உண்டா? எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நான் எழுதிக் குடுத்திருப்பேன். வக்கீல் திருத்தமாக் குடுத்த அந்தச் சாக்கடைத் திட்டத்தைத்தான் முதல்ல ஓட்டுக்கு விட்டாங்களாம். வடிவு தூக்கினாளாம். ஜெபமணி ஜன்னலைப் பாத்தாளாம். ஜன்னல்தான் சாத்திக் கிடக்கே. அவளும் தூக்கிட்டா. அப்புறம் ஒவ்வொருத்தியா, கடைசியில ஆம்பளைங்களும் சில பேரு. எங்க கட்சி, அந்தக் கட்சின்னு இல்ல. பதினஞ்சுக்குப் பதினொண்ணு. ஒரு ஆளு அன்னைக்கு லீவு. கடைவீதி போச்சு. வளைவு போச்சு. நீரூற்று போச்சு.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்றாங்க. பெஞ்சுல இருந்த ஒருத்தனும் ஒருத்தன் முகத்தைப் பாக்கல. வடிவு வந்தா. "வாங்க, வீட்டுக்குப் போலாம்"னா. சந்தைக்குப் போயிட்டு வந்த மாதிரி சொல்றா சார்!

நான் நேரா தலைவர் லாட்ஜுக்குப் போனேன். "தலைவரே, அவளுக்கு விவரம் பத்தாது, அவ சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்"னேன். அந்த மனுஷன் என் முகத்தைப் பாத்துக் கேக்கிறார்: "அண்ணாச்சி, உங்களுக்கும் நகராட்சிக்கும் என்ன சம்பந்தம்?" டீ கூடச் சொல்லல. என் கடையில எத்தனை டீ குடிச்சிருப்பார்! அரசியல்ல நன்றின்னு ஒண்ணு கிடையாது சார்.

கட்சியிலேருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துச்சு. பதில் நான் எழுதிட்டேன், நயமா, ரெண்டு பக்கம். கையெழுத்துப் போடுன்னு நீட்டினேன். வாசிச்சுப் பாத்தா. மடிச்சு என்கிட்டயே குடுத்துட்டு, வேற பேப்பர் எடுத்து மூணு வரி எழுதினா. 'மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டேன். வேற விளக்கம் இல்ல. கட்சி எடுக்கிற முடிவை ஏத்துக்கிறேன்.' அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் கட்சியிலேருந்து ஒரு கடுதாசியும் வரல. பயந்துட்டாங்களோ என்னவோ.

வீட்டுல நான் பேச்சை நிறுத்திட்டேன். ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாடு வச்சா சாப்பிடுவேன், எந்திரிச்சுப் போவேன். ஒம்போது நாள். பத்தாவது நாள் எனக்கே பொறுக்கல. "நான் உன்கூடப் பேசாம இருக்கேன், தெரியுதா?"ன்னு கேட்டேன்.

"அப்படியா? தொண்டை கட்டியிருக்குன்னுல்ல நெனச்சேன். ரசத்துல மிளகு கூடப் போட்டேனே"ன்னா.

அன்னையிலேருந்து பேச ஆரம்பிச்சுட்டேன் சார்.

வேலை ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டு வாசல்ல ஆள் ஆழத்துக்குக் குழி. ஒரு பலகையைப் போட்டு அதுல நடந்து போகணும். தெருவெல்லாம் தூசி. என் கடைக்கு வர்றவங்க, "என்ன அண்ணாச்சி, கடைவீதி அப்படியே கிடக்கே?"ன்னு வேணும்னே கேக்காங்க. சித்திரையில மூடினாங்க. கமிஷனர் வந்து பாத்தார், காண்டிராக்டர் பல்லைக் காட்டினான். மந்திரி வரல, நான் சொன்னேன்ல? நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், ஐப்பசி வரட்டும், இந்த லட்சணம் தெரியும்.

வந்துச்சு. போன வாரம் மூணு நாள் விடாம அடிச்சுது பாத்தீங்கள்ல, அந்த மழை. ரெண்டாம் நாள் காலையில குடையை எடுத்துக்கிட்டு ஓடைத்தெருவுக்குப் போனேன். எதுக்குன்னா, உண்மை என்னன்னு தெரியணும்ல? தண்ணி வீட்டுக்குள்ள ஏறும்போது செல்போன்ல ரெண்டு படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பலாம்னு. நானே எடுக்கணும், வேற எவனை நம்புறது?

நின்னேன். மழை கொட்டுது. தெருவுல தண்ணி ஓடுது, ஓரமா போகுது, மூடின வாய்க்காலுக்குள்ள விழுது. நான் காத்துக்கிட்டு நிக்கேன். அரை மணி நேரம். கால் விறைச்சுப் போச்சு. கடைசி வீட்டுலேருந்து கொம்பையா பாத்துட்டான். "அண்ணாச்சி, ஏன் நனைஞ்சுக்கிட்டு நிக்கீங்க? உள்ள வாங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான்.

ஒரே ரூம்பு. அந்தத் தெருவுலயே அதுதான் பள்ளம். தரையைப் பாத்தேன். காஞ்சு கிடக்கு. வெறுந்தரையில பாயைப் போட்டு அந்தப் பொட்டப்பிள்ளை தூங்குது, வெளிய இடி இடிக்குது, அது பாட்டுக்குக் குப்புறப் படுத்துத் தூங்குது. குழாய்த் தண்ணியில டீ போட்டுக் குடுத்தான். வேண்டாம்னு சொல்லத்தான் நெனச்சேன், குடிச்சுட்டேன்.

வாயைச் சும்மா வச்சிருக்க முடியல. "கொம்பையா, தெருவுல இன்னும் ஏதாவது குறை இருந்தா சொல்லு, நான் கவுன்சிலர்கிட்ட சொல்றேன்"ன்னேன்.

"வேண்டாம் அண்ணாச்சி, அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். இன்னைக்குச் சாயங்காலம் வருவாங்கல்ல?"

"சாயங்காலமா?"

"தினமும் வர்றாங்களே அண்ணாச்சி. இவளுக்குத் தலை சீவி, சோறு ஊட்டிட்டுத்தானே போவாங்க. ஒரு வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்னுட்டேன். வேற என்ன சொல்றது? தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பிப் போவா சார். கோயிலுக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா, பொய் சொல்ற ஆளு இல்ல. ஆனா ஒரு கவுன்சிலர் சார், பிள்ளைக்குத் தலை சீவிக்கிட்டு உக்காந்திருந்தா, பதவிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பான்?

நான் இப்ப எங்க போறேன்னு கேட்டீங்களா? கட்சி ஆபீஸுக்கு. அடுத்த தடவை எங்க வார்டு பொதுவாயிடும்னு பேச்சு அடிபடுது. விசாரிச்சு, முன்கூட்டியே என் பேரைச் சொல்லி வைக்கணும். காலையில கிளம்பும்போது வடிவுகிட்ட சொன்னேன், அடுத்த தடவை நான்தான் நிக்கப் போறேன், தெரிஞ்சுக்கோன்னு.

"நில்லுங்க"ன்னா. "நானும் நிக்கேன்."